பரதம் தெரிந்த பெண்ணுக்கு மேடை, மழலையர் பள்ளி, தெரபி அறை

கேள்வி இதுதான். மன்னார்குடிப் பக்கத்துப் பெண், வயது 23. தமிழ் இலக்கியத்தில் பி.ஏ. முடித்திருக்கிறார். 12 ஆண்டு பரதம் கற்று அரங்கேற்றமும் ஆகிவிட்டது. கல்லூரியில் நாடகமும் போட்டிருக்கிறார். இப்போது காலையில் ஒரு பிளே ஸ்கூலில் உதவி ஆசிரியை, மாலையில் வீட்டு மாடியில் எட்டுப் பிள்ளைகளுக்கு நடன வகுப்பு. "மேடையா, குழந்தைகளா, டான்ஸ் தெரபியா என்று முடிவு செய்ய முடியவில்லை, மூன்றிலும் ஆசை இருக்கிறது. ஆன்லைனில் மூன்று மாத டான்ஸ் தெரபி சான்றிதழ் 45,000 ரூபாய் என்கிறார்கள், சேரலாமா? அப்பா வங்கித் தேர்வு எழுதச் சொல்கிறார். இதை நம்பிப் பிழைக்க முடியுமா?" என்று கேட்டிருக்கிறார்.

முதலில் அந்த 45,000 ரூபாய். இப்போதைக்குக் கட்டாதீர்கள். ஏன் என்று கீழே விரிவாகச் சொல்கிறேன். மற்றக் கேள்விகளுக்கு ஒரே வரியில் பதில் இல்லை. நானும் பரதம் ஆடியவள்தான். 30 வயது வரை மேடை, வகுப்பு என்று இருந்தேன். பிறகு சிறப்புக் கல்வி படித்துவிட்டு, மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான ஆரம்பநிலைப் பயிற்சி மையங்களில் 18 ஆண்டாக வேலை செய்கிறேன். அதனால் நீங்கள் நிற்கும் இடம் எனக்கு நன்றாகத் தெரியும்.

மூன்றும் மூன்று திசை என்று நினைத்துக் குழம்புகிறீர்கள். நம் ஊரில் இவை தொடக்கத்திலேயே பக்கத்துப் பக்கத்தில் இருந்தவை. நடனக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல் 1936-இல் அடையாறில் கலாக்ஷேத்ரா என்ற கலைப் பள்ளியைத் தொடங்கினார். 1939-இல் அவரும் அவர் கணவர் ஜார்ஜ் அருண்டேலும் அழைத்து, குழந்தைக் கல்வி முறை ஒன்றை உருவாக்கிய இத்தாலியர் மரியா மாண்டிசோரி அதே அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். உலகப் போர் வந்துவிட்டதால் ஊர் திரும்ப முடியாமல் 1946 வரை இந்தியாவிலேயே இருந்தார், கொடைக்கானலிலும் சில ஆண்டுகள். பரதத்தைப் பள்ளிக்கூட ஒழுங்கில் கற்றுத்தர முயன்ற இடமும், மூன்று வயதுப் பிள்ளைக்கு என்ன தேவை என்று உட்கார்ந்து கவனித்த இடமும் ஒரே தோப்புக்குள் இருந்திருக்கின்றன. இந்த வரலாற்றை என் ஆசிரியை சொல்லிக் கேட்டபோது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. நடனத்தை விட்டு வந்துவிட்டோமோ என்று நான் வருந்திக்கொண்டிருந்த காலம் அது.

சரி, மேடையிலிருந்து தொடங்குவோம். ஆடி மட்டும் சம்பாதிப்பவர்கள் மிகக் குறைவு. மார்கழியில் சபாவில் ஒரு கச்சேரி கிடைத்தால் பாட்டு, நட்டுவாங்கம், மிருதங்கம், வயலின், மேக்கப், போக்குவரத்து எல்லாம் சேர்ந்து, கிடைக்கும் சன்மானத்தைவிட அதிகமாகக் கைக்காசு போகும். நான் ஆடிய ஆண்டுகளில் அம்மாவின் நகைச்சீட்டுப் பணம் எனக்காகப் போயிருக்கிறது. கலைஞர்களின் வருமானம் பெரும்பாலும் கற்றுக்கொடுப்பதிலிருந்துதான் வருகிறது. அதனால் மேடையை உங்கள் சம்பளமாகக் கணக்கில் எழுதாதீர்கள். ஆனால் அதை விட்டுவிடவும் வேண்டாம். நீங்கள் ஆடிக்கொண்டிருக்கும் வரைதான் உங்கள் உடம்பு உங்களுக்குப் புதிதாக ஏதாவது சொல்லித்தரும். அது பின்னால் குழந்தைகளோடு வேலை செய்யும்போது கைகொடுக்கும்.

கற்றுக்கொடுப்பதையே தொழிலாக்க நினைத்தால் முறையான பட்டயமோ பட்டமோ வேண்டும். அரங்கேற்ற அழைப்பிதழைக் காட்டிப் பள்ளி வேலை கேட்க முடியாது. கலாக்ஷேத்ராவில் நான்கு ஆண்டுப் பட்டயம் இருக்கிறது. திருச்சியில் கலைக்காவிரி நுண்கலைக் கல்லூரி, சென்னையில் 2013-இல் தொடங்கிய தமிழ்நாடு இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகம், சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் புலம் எல்லாம் உங்களுக்கு எட்டும் தூரம். மாவட்ட அரசு இசைப்பள்ளிகளையும் ஜவகர் சிறுவர் மன்றங்களையும் போய்ப் பாருங்கள். சிறுவர் மன்றத்தில் 5 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பாட்டு, நடனம், ஓவியம் சொல்லித்தருகிறார்கள். வசதியில்லாத வீட்டுப் பிள்ளை நடனம் கற்க நம் ஊரில் இருக்கும் மிகச் சில வழிகளில் அது ஒன்று. ஒருநாள் உட்கார்ந்து பார்த்தாலே ஒரு கூடத்தில் 40 பிள்ளைகளை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

18 முதல் 25 வயதுக்குள் இருப்பவர்களுக்கு மத்தியப் பண்பாட்டு அமைச்சகம் இளம் கலைஞர் உதவித்தொகை தருகிறது. மாதம் 5,000 ரூபாய், இரண்டு ஆண்டு. உங்களுக்கு இன்னும் வயது இருக்கிறது. அறிவிப்பு வந்ததும் விண்ணப்பித்துவிடுங்கள்.

நாடகம் பற்றி நீங்கள் போகிறபோக்கில் ஒரு வரிதான் எழுதியிருந்தீர்கள். எனக்கு என்னவோ உங்கள் வழி அங்கேதான் திறக்கும் என்று படுகிறது. குழந்தைகளோடு செய்யும் வேலைக்குப் பரதத்தைவிட நாடகம் எளிதாக வளைந்து கொடுக்கும். பரதத்தின் அடிப்படை அசைவை அடவு என்போம், அதில் சரியான அடவு, தப்பான அடவு என்று உண்டு. நாடக விளையாட்டில் ஒரு குழந்தை மரமாக நிற்கலாம், இன்னொன்று அந்த மரத்தடிக் கல்லாக உட்கார்ந்திருக்கலாம். இரண்டும் சரிதான். டெல்லி தேசிய நாடகப் பள்ளி 1989-லேயே சிறுவர்களுக்கும் பள்ளிகளுக்கும் என்று தனிக் குழு ஒன்றைத் தொடங்கியது. அகர்தலாவில் அந்தப் பள்ளியின் மையம், கல்வியில் நாடகம் என்ற பொருளில் ஓராண்டு உறைவிடப் பயிற்சி நடத்துகிறது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நாடகப் பள்ளியில் முதுகலை படிக்கலாம். புதுச்சேரியில் வேலு சரவணன் தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் போய்ச் சிறுவர் நாடகம் போட்டவர். அவர் நாடகம் எங்காவது நடந்தால், மேடையைப் பார்க்காமல் திரும்பி உட்கார்ந்து குழந்தைகளின் முகத்தைப் பாருங்கள்.

காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கல் என்ற கிராமத்தில் கட்டைக்கூத்துச் சங்கம் 2002 முதல் 2020 வரை ஒரு குருகுலம் நடத்தியது. காலையில் பள்ளிப் பாடம், அதோடு கூத்துப் பயிற்சி. பெண்பிள்ளைகளும் வேஷம் கட்டி ஆடினார்கள். கலையும் குழந்தை வளர்ப்பும் ஒன்றாக நடந்த இடம் என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அடுத்தது குழந்தைப் பராமரிப்பு. உங்கள் கடிதத்தில் இதைக் கொஞ்சம் கீழே வைத்துப் பேசியிருக்கிறீர்கள், "இப்போதைக்கு பிளே ஸ்கூல்" என்று. அந்த "இப்போதைக்கு" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். மூன்று வயதுப் பிள்ளை அழும்போது தூக்குவதா, பக்கத்தில் உட்காருவதா, சும்மா விடுவதா என்று அரை நொடியில் முடிவெடுக்கும் திறமை எந்தப் புத்தகத்திலும் வராது. தெரபி மையத்துக்கு வேலை கேட்டு வருபவர்களில் பிளே ஸ்கூலில் இரண்டு ஆண்டு இருந்தவரையும் பட்டம் மட்டும் வைத்திருப்பவரையும் பத்து நிமிடத்தில் பிரித்துச் சொல்லிவிடலாம். முன்னவர் அறைக்குள் வந்ததும் தரையில் உட்கார்ந்துவிடுவார்.

பிள்ளைத்தமிழ் படித்திருப்பீர்கள், இலக்கிய மாணவிதானே. செங்கீரைப் பருவம் ஐந்தாம் மாதம்: குழந்தை கையூன்றித் தலையைத் தூக்கி ஆடுகிறது. சப்பாணி ஒன்பதாம் மாதம்: இரு கையையும் சேர்த்துக் கொட்டுகிறது. வருகை ஓராண்டுக்கு மேல்: தளர்நடை. அம்புலி இன்னும் கொஞ்சம் தள்ளி: தூரத்தில் இருப்பதைச் சுட்டிக்காட்டி அழைக்கிறது. எங்கள் மையச் சுவரில் ஒட்டியிருக்கும் வளர்ச்சிப்படி அட்டவணையிலும் ஏறக்குறைய இதே வரிசைதான். கழுத்து நிற்றல், இரு கை சேர்தல், நடை, சுட்டிக்காட்டல். ஒன்றரை வயதாகியும் குழந்தை எதையும் விரலால் சுட்டிக்காட்டவில்லை என்றால் நாங்கள் கவனிக்கத் தொடங்குவோம். அம்மாக்களிடம் இந்த அட்டவணையை விளக்கும்போது நான் சப்பாணியிலிருந்து தொடங்குவேன். உடனே புரிந்துகொள்வார்கள். உங்கள் பி.ஏ. வீணாகப் போகாது என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன்.

வேலைவாய்ப்பு என்று பார்த்தால், ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975-இல் தொடங்கியது. இன்று தமிழ்நாட்டில் மட்டும் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் இருக்கின்றன. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினார்கள். 2020 தேசியக் கல்விக் கொள்கையும் 3 முதல் 8 வயது வரை ஒரே அடித்தளப் பருவமாகப் பார்க்கிறது. இதெல்லாம் சேர்ந்து, சின்னக் குழந்தைகளோடு வேலை செய்யத் தெரிந்தவர்களின் தேவையைக் கூட்டியிருக்கிறது. சம்பளம் அந்த அளவுக்குக் கூடவில்லை, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். தனியார் பிளே ஸ்கூல்கள் உதவி ஆசிரியைகளுக்குக் கொடுப்பது பல ஊர்களில் வெட்கப்பட வேண்டிய தொகை. மாண்டிசோரி பயிற்சியோ தொடக்கநிலை ஆசிரியர் பயிற்சியோ கையில் இருந்தால் நிலைமை கொஞ்சம் மாறும்.

இனி தெரபி, அதாவது நடனத்தையும் அசைவையும் கொண்டு செய்யும் சிகிச்சை. இங்கே பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் நீங்கள் பணத்தை இழக்கக்கூடிய இடமும், தெரியாமல் ஒரு குழந்தைக்குக் கெடுதல் செய்துவிடக்கூடிய இடமும் இதுதான்.

என் முதல் நாளைச் சொல்கிறேன். ஒரு சிறப்புப் பள்ளியில் தன்னார்வமாக நடனம் சொல்லித்தரப் போனேன். சலங்கை கட்டிக்கொண்டு, நல்ல புடவை உடுத்தி, உற்சாகமாகத் தட்டடவு போட்டேன். ஆறு வயதுப் பையன் ஒருவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விட்டான். ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்குச் சில ஓசைகள் ஊசி குத்துவதுபோல் இருக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது. நான் இன்னும் ஓசையைக் கூட்டினேன், பழகிவிடுவான் என்று. அவன் தன் கையைக் கடித்துக்கொண்டான். அங்கிருந்த ஸ்பெஷல் எஜுகேட்டர் என்னை வெளியே அழைத்துப் போய், சலங்கையைக் கழற்றச் சொல்லி, "அவனுக்கு என்ன வேண்டும் என்று நீங்கள் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை" என்றார். அடுத்த ஆறு வாரம் அந்த அறையில் நான் ஆடவே இல்லை. மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் விரலால் தரையில் தட்டும் தாளத்தைத் திருப்பித் தட்டினேன், அவ்வளவுதான். ஒருநாள் அவன் தட்டிவிட்டு என்னைப் பார்த்துக் காத்திருந்தான். என் வாழ்க்கையில் எந்தச் சபாக் கைதட்டலும் எனக்கு அப்படி இருந்ததில்லை.

நடன வகுப்பில் அடவு மாறாது, குழந்தை அடவுக்கு வரும். தெரபியில் குழந்தைக்கு ஏற்றபடி அடவை மாற்றவும் தெரிய வேண்டும், தேவைப்பட்டால் அடவையே விட்டுவிடவும் தெரிய வேண்டும். முதலில் மதிப்பீடு, அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒரு சின்ன இலக்கு, ஒவ்வொரு அமர்வுக்கும் குறிப்பு, பிறகு மறுஆய்வு. இந்த நான்கும் இல்லாமல் குழந்தைகளை மகிழ்ச்சியாக ஆடவைத்தால் அது நல்ல வகுப்பு. நல்ல வகுப்பும் குழந்தைகளுக்கு வேண்டியதுதான். அதைத் தெரபி என்று பலகை எழுதிக் கட்டணம் வாங்குவதுதான் தவறு.

பரதம் இங்கே எப்படி உதவும் என்று கேட்பீர்கள். நிறையவே உதவும். பேச்சு வராத குழந்தையோடு "தகதிமி" என்று நாலைந்து முறை தட்டிச் சொல்லிவிட்டு, அடுத்த முறை "தகதி" என்று நிறுத்திக் காத்திருப்போம். விட்ட இடத்தை நிரப்பும் ஆசையில் சில குழந்தைகள் "மி" என்று வாய் திறப்பார்கள். ஸ்பீச் தெரபிஸ்டுகள் பாட்டு வரிகளில் இதே உத்தியைப் பயன்படுத்துகிறார்கள். நமக்குச் சொற்கட்டு கைவசம் இருக்கிறது. வலது கை இடப்பக்கம் போகும் அசைவுகள், உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டத் தயங்கும் குழந்தைக்கு நல்ல பயிற்சி. ஆனால் தசை தளர்வாக உள்ள குழந்தையை அரைமண்டியில், அதாவது முட்டியை மடித்துப் பாதி உட்கார்ந்த நிலையில், நிறுத்தினால் முட்டி கெடும். நவரசத்தை மிகைப்படுத்தி முகத்துக்கு நேரே காட்டினால் ஆட்டிசம் உள்ள குழந்தை மிரளும். "கண்ணைப் பார், கண்ணைப் பார்" என்று தாடையைப் பிடித்துத் திருப்புவது கூடவே கூடாது.

இன்னொன்று. மூளை முடக்குவாதம் உள்ள ஒரு பெண்குழந்தைக்கு நான் அலபத்மம் என்ற கை முத்திரையைப் பிடிக்கச் சொல்லித்தந்துகொண்டிருந்தேன், விரல் விரியட்டும் என்று. விரியவில்லை. எங்கள் ஓ.டி., அதாவது அன்றாடச் செயல்களுக்கு உடம்பைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், பார்த்துவிட்டு, "தோள் நிற்காமல் விரல் எப்படி விரியும்? முதலில் உள்ளங்கையைத் தரையில் ஊன்றிப் பாரம் தாங்கச் சொல்லுங்கள்" என்றார். அவர் சொன்னபடி தவழ்ந்து விளையாடும் யானை நடையைக் கண்டுபிடித்தோம். முத்திரை பல மாதம் கழித்து வந்தது. 12 ஆண்டு நடனம் கற்ற எனக்கு உடம்பைப் பற்றி எவ்வளவு தெரியாது என்று அன்று புரிந்தது. அதனால்தான் மூன்று மாதச் சான்றிதழைக் கண்டு பயப்படுகிறேன்.

இப்போது சட்டம். ஆர்.சி.ஐ. என்று எல்லோரும் சொல்லும் இந்திய மறுவாழ்வுக் கழகம் 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தது. சிறப்புக் கல்வியாளர், பேச்சு மற்றும் செவித்திறன் வல்லுநர், கிளினிகல் சைக்காலஜிஸ்ட் ஆகியோர் அதில் பதிவு எண் வாங்கித்தான் தொழில் செய்ய வேண்டும். பதிவில்லாமல் செய்தால் ஓராண்டு வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் என்று சட்டத்தில் இருக்கிறது. துணை மருத்துவத் தொழில்களை ஒழுங்குபடுத்த 2021-இல் இன்னொரு மத்தியச் சட்டம் வந்தது. பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி எல்லாம் அதற்குள் வருகின்றன. அந்தப் பட்டியலில் கலை, நடன அசைவுச் சிகிச்சையாளர் என்ற பெயரும் இருக்கிறது. பட்டியலில் பெயர் இருப்பது வேறு, ஸ்பீச் தெரபிஸ்டுக்கு இருப்பதுபோல் நிலைபெற்ற படிப்பும் பதிவும் இருப்பது வேறு. பிரிட்டனில் நாடகச் சிகிச்சையாளர் என்ற பெயரைப் பதிவு பெறாதவர் போட்டுக்கொள்ள முடியாது. அமெரிக்காவில் மரியன் சேஸ் 1942-இல் வாஷிங்டனில் ஒரு மனநல மருத்துவமனையில் நோயாளிகளோடு ஆடத் தொடங்கியது இத்துறையின் ஆரம்பங்களில் ஒன்று. இன்று அங்கே நடனச் சிகிச்சையாளராக முதுகலைப் பட்டம் வேண்டும். இங்கே யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம் என்ற நிலை இருப்பதால்தான் இத்தனை மூன்று மாதப் படிப்புகள்.

அதற்காக இங்கே நல்ல முன்மாதிரி இல்லை என்று நினைக்காதீர்கள். சென்னையில் அம்பிகா காமேஷ்வர் 1989-இல் ரமண சுனிருத்ய ஆலயா, அதாவது 'ரசா' என்ற அமைப்பைத் தொடங்கினார். அவரே பாடகி, நடனக் கலைஞர். பாட்டு, ஆட்டம், கதை, நாடகம் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுத்திறன் குழந்தைகளின் வளர்ச்சிக்காக ஒரு முறையையே உருவாக்கியிருக்கிறார். நடன அசைவுச் சிகிச்சையில் திரிபுரா காஷ்யப் நாட்டின் முன்னோடிகளில் ஒருவர். இசை பக்கம் ஆர்வம் இருந்தால் புதுச்சேரியில் ஸ்ரீ பாலாஜி வித்யாபீத் பல்கலைக்கழகம் மருத்துவமனை வளாகத்திலேயே இசைச் சிகிச்சையைப் பாடமாக நடத்துகிறது. ஒரு படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பது இரண்டே விஷயம்தான். மேற்பார்வையோடு நேரில் எத்தனை மணிநேரம் குழந்தைகளோடு வேலை செய்யச் சொல்கிறார்கள்? கற்றுத்தருபவர் இன்றும் மையத்துக்குப் போகிறாரா? நீங்கள் அனுப்பிய விளம்பரத்தில் முதல் கேள்விக்குப் பூஜ்யம்.

அதனால் என் யோசனை: முதலில் பதிவு எண் கிடைக்கும் ஒரு அடிப்படைத் தகுதி, பிறகு அதன்மேல் நடனமோ நாடகமோ தெரபி என்ற சிறப்புப் பயிற்சி. உங்களுக்குப் பி.ஏ. இருப்பதால் சிறப்புக் கல்வியில் பி.எட். நேரான வழி, முழுநேரமாகப் படித்தால் இரண்டு ஆண்டு. சென்னை முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இருக்கிறது. சிறப்புக் கல்விப் படிப்புகளுக்கு நான் முதலில் கைகாட்டும் இடம் அது. எந்தக் கல்லூரியாக இருந்தாலும் நீங்கள் சேரும் ஆண்டுக்கு ஆர்.சி.ஐ. அனுமதி இருக்கிறதா என்று ஆர்.சி.ஐ. தளத்தில் நீங்களே பாருங்கள். பழைய அனுமதியைக் காட்டிச் சேர்த்துவிட்டு, பிறகு பதிவு கிடைக்காமல் அலைந்த பெண்களை எனக்குத் தெரியும். பிளஸ் டூவில் அறிவியல் படித்திருந்தால் ஸ்பீச் தெரபிப் பட்டப்படிப்புக்குப் போகலாம். ஆனால் அது நான்கு ஆண்டு, மீண்டும் முதலிலிருந்து. சம்பளம் அதில் நன்றாக இருக்கும். 23 வயதில் அது முடியாத காரியம் இல்லை, வீட்டில் தாங்குவார்களா என்பதுதான் கேள்வி.

வேலை இருக்கிறதா என்றால், இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது, ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் சேர்த்து. 2021-இல் உச்ச நீதிமன்றம், தொடக்கப் பள்ளிகளில் சிறப்புத் தேவையுள்ள 10 குழந்தைக்கு ஒருவர், அதற்கு மேல் வகுப்புகளில் 15 குழந்தைக்கு ஒருவர் என்று சிறப்பு ஆசிரியர் விகிதத்தைச் சொன்னது. பணியிடங்களை அறிவிக்கும்படி 2025-இலும் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. அரசு மருத்துவமனைகளில், குழந்தையின் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டறிந்து உதவும் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. மாற்றுத்திறனாளிகளுக்கான தமிழ்நாடு அரசின் 'உரிமைகள்' திட்டத்தில் 'விழுதுகள்' என்ற மறுவாழ்வு மையங்கள் வருகின்றன. தென்காசி ஆய்க்குடியில் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் போன்ற அமைப்புகள் கிராமங்களுக்கே போய் வேலை செய்கின்றன. சென்னையில் 1985-இல் தொடங்கிய வித்யாசாகர் போன்ற இடங்களில் பயிற்சி பெற்றவர்கள் எங்கே போனாலும் தனியாகத் தெரிவார்கள்.

வருமானத்தையும் உள்ளபடி சொல்கிறேன். எனக்கு முதல் சம்பளம் 4,500 ரூபாய். இன்று சிறு நகரத்தில் பதிவு எண்ணோடு வரும் புதியவர்கள் 15,000, 18,000 என்று தொடங்குவதைப் பார்க்கிறேன். ஐந்தாறு ஆண்டு அனுபவம் சேர்ந்து, தனி அமர்வுகளும் எடுத்தால் மரியாதையாக வாழலாம். வங்கி வேலையோடு ஒப்பிட்டால் முதல் பத்து ஆண்டு பின்தங்கித்தான் இருப்பீர்கள். அரசுப் பள்ளிகளில் இசை, ஓவியம் போன்றவற்றுக்கு 2012-இல் பகுதிநேர ஆசிரியர்களை 5,000 ரூபாயில் எடுத்தார்கள். இத்தனை ஆண்டுகளாகப் பணிநிரந்தரம் கேட்டுப் போராடியிருக்கிறார்கள். கலையையும் குழந்தைகளையும் நேசிப்பவர்களுக்கு அந்த நேசமே சம்பளம் என்று நம் சமூகம் நினைத்துக்கொள்கிறது. நீங்கள் அப்படி நினைக்க வேண்டாம். உங்கள் மாடி வகுப்புக்கு இப்போதே சரியான கட்டணம் வாங்கப் பழகுங்கள். முடியாத வீட்டுப் பிள்ளைக்கு விட்டுக்கொடுப்பது உங்கள் விருப்பம்.

சில விஷயங்கள் இன்றிலிருந்தே தெரிந்திருக்க வேண்டும். நடனம் சொல்லித்தருபவர்கள் குழந்தையின் உடம்பைத் தொட்டுத் திருத்துகிறோம். தொடுவதற்கு முன் கேளுங்கள், மூன்று வயதாக இருந்தாலும். கதவைத் திறந்து வையுங்கள். ஒரு குழந்தை பாலியல் கொடுமைக்கு ஆளாகியிருக்கிறது என்று தெரியவந்தால் 2012 போக்சோ சட்டப்படி அதைத் தெரிவிப்பது உங்கள் கடமை, மறைத்தால் அது குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098 மனப்பாடமாக இருக்கட்டும். அடுத்தது, "குணமாக்கிவிடுவேன்" என்று எந்தப் பெற்றோரிடமும் சொல்லாதீர்கள். ஆட்டிசம் காய்ச்சல் அல்ல, போய்விடுவதற்கு. ஆண்டு விழாவில் நன்கொடையாளர் கண்கலங்குவதற்காக மாற்றுத்திறன் குழந்தைகளை மேடையேற்றச் சொல்வார்கள். குழந்தைக்கு ஆடப் பிடித்திருந்தால் ஏற்றுங்கள். விளக்கு வெளிச்சத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் பயந்து நடுங்கும் குழந்தையை ஏற்ற மறுத்துவிடுங்கள். நான் ஒருமுறை மறுக்காமல் விட்டேன், அந்தக் குழந்தை அப்புறம் இரண்டு வாரம் மையத்துக்குள் வர அழுதது.

அப்பாவைப் பற்றி. அவர் கேட்பது நிலையான வருமானம், அது தவறான கேள்வி இல்லை. அவரிடம் "டான்ஸ் தெரபி" என்று சொன்னால் அவருக்கு எதுவும் தெரியவராது. "பி.எட். சிறப்புக் கல்வி, மத்திய அரசின் பதிவு எண், பள்ளியிலும் மருத்துவமனையிலும் வேலை" என்று சொல்லிப் பாருங்கள். பேச்சு வேறு மாதிரி போகும்.

அடுத்த சேர்க்கைக்கு இன்னும் சில மாதம் இருக்கிறது. அதுவரை பிளே ஸ்கூலை விடாதீர்கள். வாரத்தில் இரண்டு மதியம் உங்கள் பக்கத்துச் சிறப்புப் பள்ளி ஒன்றில் தன்னார்வமாகக் கேளுங்கள். நடனம் சொல்லித்தருகிறேன் என்று கேட்காதீர்கள், சாப்பாடு ஊட்டும் நேரத்தில் உதவுகிறேன் என்று கேளுங்கள். ஒரு குழந்தை எப்படி மெல்லுகிறது, எந்தக் கையை நீட்டுகிறது, போதும் என்பதை எப்படிச் சொல்கிறது என்று அங்கே தெரியும். 40 பக்க நோட்டு ஒன்று வாங்கி, ஒரே ஒரு குழந்தையைப் பற்றி ஒவ்வொரு நாளும் ஐந்து வரி எழுதுங்கள். நோட்டு நிறைந்ததும் எனக்கு எழுதுங்கள், பி.எட். சேர்வதா வேண்டாமா என்று அப்போது பேசுவோம்.